தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஒரு படை

குளியலறைக் கதவின் அடியிலிருந்து சோப்பு மணம் கசிந்து வருகிறது. தோளில் துண்டோடு வெளியே நிற்கும் நர்ஸுக்கு ஏழு மணிக்கு டூட்டி. கடிகாரத்தில் ஆறே கால். மாற்றுத்துணி எடுக்க அறைக்குப் போன அந்த ஒரு நிமிடத்தில் அண்ணன் உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டான். இங்கிலீஷ் வாத்தியார், குளிக்கும்போதும் வாய் ஓயாது. "அண்ணா, நான்தானே முதல்ல வந்தேன்!" உள்ளிருந்து குரல் எதிரொலிக்கிறது: "இதைத்தான் இங்கிலீஷ்ல 'ஸ்டீல் எ மார்ச்'னு சொல்லுவாங்க. எதிரி தூங்கும்போது படை சத்தமில்லாம ராத்திரியோட ராத்திரியா நடந்துடும். விடிஞ்சு பார்த்தா அவனுக்கு முன்னாடி போய் நிக்கும். அப்படி ஒருத்தரை முந்திக்கிறதுக்கு..." அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "வெளிய வந்து பாடம் நடத்து, உனக்குப் புண்ணியமாப் போகும்!" அவள் அறைகிற அறையில், கதவுக் கொக்கியில் தொங்கும் வெள்ளைச் சீருடை ஆடுகிறது.

உள்ளே ஷவர் இரண்டு முறை செருமிவிட்டு நின்றுபோகிறது. "ஐயோ, கண்ணெல்லாம் சோப்பு! தண்ணி எங்க?" அந்த நேரத்தில் பால்கனிக் கதவு திறக்கிறது. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காலி வாளியோடு அண்ணி உள்ளே வருகிறாள். அவளுக்குப் பின்னால் கொடியில் வீட்டுப் போர்வைகள் அத்தனையும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. நாத்தனாரின் துண்டையும் மூடிய கதவையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "நாலு மணிக்கே எழுந்து எல்லாத்தையும் முடிச்சுட்டேன். தொட்டி காலியாயிருக்கும்," என்கிறாள். "இந்தப் பாடத்தை எனக்கு நேத்தே நடத்திட்டாரு."