பதினோராவது கட்டத்து நடுக்கம்

மூன்று மணிக்குத் தம்பியின் குரல்பதிவு வந்தது. கேட்டதும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"அக்கா, பதினோராவது கட்டத்துல அப்பா ஒரு நடுக்கம் குடுப்பாரு பாரு, அத மட்டும் விட்டுடாதக்கா. அஞ்சு மணிக்குப் போட்டிய மூடிருவாங்க."

அப்பா இறந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை.

பாட்டை எழுத்தாக அடித்துக் கொடுப்பது என் தொழில். ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து, கட்டம் முடிந்தால் ஒரு கோடு. அடித்து முடித்தால் மென்பொருள் அதைப் பாடகர்கள் படிக்கிற அச்சு இசைக்குறிப்பாக மாற்றிக் கொடுக்கும். மெட்டுக்குத் துணையாகக் கீபோர்டில் அழுத்துகிற ஏ மைனர், எஃப் மாதிரியான கார்ட் குறிகளை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் போடவேண்டும். அதற்குள் எதைப் போட்டாலும் ஸ்வரத்துக்கு மேலே அப்படியே அச்சாகிவிடும், கேள்வியே கிடையாது. ஒருமுறை மறதியில் பிளம்பரின் போன் நம்பரை அங்கே ஒட்டிவிட்டேன். நாற்பது பேர் கொண்ட பாடகர் குழு ஒரு வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பாடியிருக்கிறது.

வேறொரு நாளாக இருந்தால் நினைத்துச் சிரித்திருப்பேன்.

அப்பா லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு மெட்டை முனகுவார். சொல் கிடையாது. பாதியில் ஸ்பேனர் கேட்பார், மெட்டு அறுந்துவிடும். அதன் கடைசி அடி எப்படிப் போகும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சின்ன வயதில் முழுசாகப் பாடச் சொல்லி அவர் காலைக் கட்டிக்கொண்டு நான் கெஞ்சியிருக்கிறேன். போடி, வேலை கிடக்கு என்பார்.

முழுசாகப் பாடியது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

மூச்சு விடவே திணறிய மனுஷனின் வாய்க்கு நேராகத் தம்பி போனைப் பிடித்துப் பதிவு செய்துகொண்டு நின்றான். பதினோரு நாள் தூக்கமில்லாமல் அப்பா பக்கத்தில் கிடந்தவள் நான். அவன் பெரிய துரை மாதிரி ஒரே ஒரு மணி நேரம் வந்தான், வேண்டியதை எடுத்துக்கொண்டு போனான். இதை நான் சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

இப்போது அது போட்டிக்குப் போகிறது. 'இசை' என்ற வரியில் அவன் பெயர். கீழே பொடி எழுத்தில் 'அப்பாவின் நினைவாக'. சூடு சொரணை உள்ளவன் செய்கிற காரியமா இது? ஹோட்டல் வரவேற்பறையில் கீபோர்ட் வாசிக்கிற பழக்கம் வேறு, கட்டத்துக்குக் கட்டம் கார்ட்களை அள்ளிக் கொட்டியிருந்தான். கிரீஸ் வாசனை அடிக்கிற மெட்டுக்கு சென்ட் பூசிவிட்ட மாதிரி இருந்தது.

மறுத்திருக்கலாம். வேறு எவனாவது அடித்துக் குட்டிச்சுவராக்கிவிடுவான் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

ஏ மைனர், எஃப், ஜி செவன் என்று விரல் கூசக்கூச அடித்துக்கொண்டே போனேன். பத்தாவது கட்டம் வரை தடங்கல் இல்லை.

நடுக்கத்துக்கு ஸ்வரத்தின் முன்னால் ஒரு நெளிகோடு போட்டால் போதும். ஆனால் எத்தனை முறை நடுங்குகிறது என்று எண்ணிப் பார்க்காமல் நான் போடமாட்டேன். ஹெட்போனை மாட்டினேன், ஆஸ்பத்திரிப் பதிவின் வேகத்தைப் பாதியாக்கினேன், சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். பதிவை ஓட்டும் புரோகிராம் பழசு. வேகம் குறைந்தால் குரலும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். எல்லாரும் எருமை மாதிரிதான் பேசுவார்கள்.

அது நடுக்கமே இல்லை.

தொண்டை அடைக்கிறது, எச்சில் விழுங்கப் பார்க்கிறார், முடியவில்லை, மறுபடி ஸ்வரத்தைப் பிடிக்கிறார். டம்ளரை யாரோ எட்டத் தள்ளிவைக்கிற சத்தம். பிறகு கனத்த குரல் ஒன்று, இழுத்து இழுத்து.

"முடிச்சிருங்கப்பா, அப்புறம் தண்ணி தரேன்."

அதற்குப் பின்னால் ஏதோ உறுமியது. ஃபேனாக இருக்கும்.

சீ. ஹெட்போனைக் கழற்றி மேசையில் எறிந்தேன். பெற்ற அப்பனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தர மனசு வராதவன், அவர் திணறியதை நடுக்கம் என்கிறான், விட்டுடாதே என்கிறான். இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

பதினோராவது கட்டத்தில், ஏ மைனர் வரவேண்டிய மேற்கோளுக்குள், அந்த வாக்கியத்தை எழுத்து மாறாமல் அடித்தேன். நடுவர்கள் படிக்கட்டும். அனுப்பப் போவதும் நான்தானே.

நாலு ஐம்பது.

அடித்ததைப் பதிவோடு ஒத்துப் பார்க்காமல் எதையும் நான் அனுப்பியதில்லை. வேகத்தைப் பழையபடி வைத்து, அந்த இடத்தை மட்டும் ஓட்டினேன்.

குரலில் இருந்த கனம் போய்விட்டது. ஒரு ஸ்தாயி மேலே ஏறி மெலிந்து வந்தது. அவசரமும் கொஞ்சலுமாக ஒரு பெண்குரல்.

அந்த அறையில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

ஃபேன் என்று நினைத்ததும் ஃபேன் இல்லை. "வேணாம்க்கா, குடுத்துரு" என்கிறான் தம்பி.

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் நானேதான்.

நாலு ஐம்பத்தாறுக்கு மேற்கோளுக்குள் இருந்ததை அழித்தேன். ஏ மைனர் போட்டேன். தம்பி கேட்டபடி, ஸ்வரத்தின் முன்னால் நெளிகோட்டையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை ஒலிக்கவிட்டேன். மென்பொருள் அதைப் புல்லாங்குழலில் வாசித்தது.

நடுக்கம் அழகாக இருந்தது.