பெரிய ற

ஏகாம்பரநாதர் கோயிலில் ஒரே மரத்தில் நாலு ருசி மாம்பழம் காய்க்கும் அல்லவா, அந்த மரத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெறப் பத்தொன்பது நாள்.

பறக்கும் படை அதிகாரி எங்கள் ஆபீசுக்குள் நுழைந்த நேரம், கோடை மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியை நனையவிடாமல் எடுத்துக்கொண்டு சாமுவேல் உள்ளே ஓடி வந்தான். நேராக அவர் முன்னால் வந்து நின்றான்.

கட்சிக் கரை வேட்டி.

என்ன நிறக் கரை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். அரசு ஊழியன் கட்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது விதி. பென்ஷன் வாங்குகிறவனுக்கும் பயம் இருக்காதா?

அதிகாரியின் கையில் ஒரு மொட்டைக் கடிதம். முந்தின நாள் வேட்பாளர் ஊர்வலத்தில் இந்த ஆபீஸ் ஆள் ஒருவன் கரை வேட்டி கட்டிக்கொண்டு மேளத்துக்கு ஆடினானாம். பெயர் போடவில்லை.

"ஆடிட்டு வந்து கவர்மெண்டு கொழாயிலயே அலசிக் காயப் போட்டிருக்கீங்க. யாருதுய்யா இது?"

எல்லார் கண்ணும் வேட்டி இருந்த கையைப் பார்த்தன.

சாமுவேல் அலுவலக உதவியாளன். இருபத்திரண்டு வருஷம் டீ வாங்கி, ஃபைல் தூக்கி, அந்த மாதம்தான் பதிவறை எழுத்தர் பட்டியலில் பெயர் வந்திருந்தது. இனி உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று ஒரு உடைந்த நாற்காலிக்குப் பின்னல் போட்டுத் துடைத்து வைத்திருந்தான்.

அவனைக் காப்பாற்ற நான் எழுந்தேன். ஆபீஸே சாட்சி.

"சார், நீங்க நெனைக்கிறது கரை. சின்ன ர. இது கறை. பெரிய ற."

அவர் புருவத்தைத் தூக்கினார். நான் விடவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் செல்லியம்மாளின் மாடு சாயப்பட்டறைக் கால்வாயில்தான் தண்ணீர் குடிக்கும். குடித்த நிறத்தில் பால் கொடுக்கும். இரண்டு பட்டறைத் தண்ணீர் குடித்த அன்று இரண்டு நிறம். அந்தப் பாலில் டீ குடித்த ஒரு பெரிய அதிகாரி, மூன்று நாள் பேனாவில் மை இல்லாமலே கையெழுத்துப் போட்டார். அப்படிப்பட்ட பால் வெள்ளை வேட்டியில் சிந்திவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

"ரெண்டு ஓரத்துலயும், நூல் புடிச்ச மாதிரி சிந்துச்சா?"

"மாட்டுக்கு ரெண்டு பக்கமும் காம்பு இருக்குதே சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரிக்கே உதடு துடித்தது. இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

எங்கள் டைப்பிஸ்ட் துர்காதேவி கையை நீட்டிக் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தறி வீட்டுப் பெண். நூல் விஷயத்தில் பொய் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

"கறையும் இல்ல, பாலும் இல்ல சார். தறியிலயே நெய்ஞ்சது. பாவுலயே கலர் நூல் ஓடுது பாருங்க."

சிரிப்பு நின்றது.

சாமுவேல் என்னை ஒரு தரம் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"என்னுதுதான் சார்," என்றான் சாமுவேல்.

மடித்துக் கொடு என்றார் அதிகாரி. நாலாக மடித்தான். என்னவோ நினைத்துக்கொண்டு பிரித்தான். மேலே இருந்த பக்கம் உள்ளே போகும்படி மாற்றி மடித்து, பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவை கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தான்.

சஸ்பென்ஷன். பிறகு பதினேழு பி, அதாவது வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. பட்டியலில் அவன் பெயர் மேல் கோடு. பின்னல் போட்ட நாற்காலியில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தார்.

பத்தொன்பதாம் நாள் எனக்கு மாலை, சால்வை, மைக். சக ஊழியனுக்காக அதிகாரியிடமே வாதாடிய ஒரே மனிதர் என்று பேசினார்கள். சஸ்பென்ஷனில் இருப்பவன் உள்ளே வரக் கூடாதாம். சாமுவேல் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டினான். நான் தலையை நிமிர்த்தவில்லை. மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் டீக்கடையில் மாட்டுக் கதையை எடுத்தால் பெஞ்சே குலுங்குகிறது. நான் மட்டும் சிரிப்பதில்லை. ஏன் என்று கேட்டால், கதை சொல்பவன் சிரிக்கக் கூடாதப்பா என்பேன்.

முதல் தரம் மடித்தபோது வேட்டியின் மேல்மூலையில், வீட்டுக்கு வீடு சலவைக்காரர் மையால் போடும் அடையாளக் குறி தெரிந்தது: மூன்று புள்ளி, ஒரு கோடு. அது என் வீட்டுக் குறி.