வெள்ளிக்கிழமை டிராகன்

"இதெல்லாம் ஒரு படமா? இதை எடுத்தவன் மட்டும் என் கையில கெடைச்சான், நடவு வயல் சேத்துல முக்கி எடுத்துடுவேன்!"

நான் கத்துனதுக்கு அத்தா, அதான் எங்கப்பா, திரும்பிக்கூடப் பார்க்கல. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுனாரு.

'கசுமோரி'ன்னு ஒரு ஜப்பான் தொடர். கார்ட்டூன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், அதுக்குப் பேரு அனிமே. கருப்பு டிராகனைக் கொல்ல ஒரு பையன் வாளோட கெளம்புவான். அது கிட்ட வராம எட்டத்துலயே அவன் பின்னாடி பறந்துக்கிட்டு வரும். மொத்தம் அறுபது எபிசோடு. பேச்செல்லாம் ஜப்பான் பாஷை, கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். எனக்கு அது உசுரு.

இப்ப அதையே புதுசா எடுக்கிறேன்னு எவனோ கெளம்பி, அறுபதைப் பன்னெண்டுக்குள்ள அமுக்கி, இங்கிலீஷ் டப்பிங்கும் குடுத்து நாசம் பண்ணிட்டான். ஹீரோ பேசுறது நெல் கொள்முதல் நிலையத்துல டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரி இருக்கு. டிராகன் பறக்குதாம்! நெல்லு மேல போட்ட தார்ப்பாயைக் காத்து தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு.

என் வயித்தெரிச்சல் அது மட்டும் இல்ல.

அத்தாவுக்குக் குவைத்துல ஏசி மெக்கானிக் வேலை. நான் ப்ளஸ் ஒன் படிக்கிறப்ப ஆரம்பிச்சது இது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா வலங்கைமான்ல நானு, அங்க ரூம்ல அவரு, வீடியோ கால்ல ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ப்ளே அமுக்குவோம். முடிஞ்சதும் பேசுவோம். பேசுறது பூரா நான்தான். அத்தா "சண்டை பிரமாதம்டா" என்பாரு. அப்புறம், "அந்தக் கருப்பன் எப்படா சாவான்?" என்பாரு. வாரா வாரம் இதே கேள்விதான்.

கடைசி எபிசோடுல டிராகன் செத்தப்ப நான் கேவிக் கேவி அழுதேன். அத்தா கைதட்டி, "ஒழிஞ்சான்டா!"ன்னாரு. என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொல்றாருன்னு நெனச்சுக்கிட்டு, அன்னைக்கு மட்டும் கதையைப் பேசாம அழுதுக்கிட்டே போனை வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் இப்பதான் லீவுல வந்திருக்காரு. பழைய தொடரை மொதல்லேருந்து அவரு பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா? வந்த மறுநாளே, "பழசு வேணாம்டா, அந்தப் புதுசைப் போடு"ன்னுட்டாரு. லீவு முழுக்க இந்தக் கண்ராவியைத்தான் பார்த்தோம். ஞாயித்துக்கிழமை ஃபிளைட். இன்னைக்குக் கடைசி எபிசோடு.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா!"

அம்மா பஜ்ஜித் தட்டை வெச்சுட்டு, "மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவனுக்கு டிராகன் மேல என்னடா அவ்வளவு அக்கறை? புடிக்கலன்னா எந்திரிச்சுப் போ. அவரு பார்க்கட்டும்"னாங்க.

"அத்தாவுக்கு ரசனையே இல்லம்மா!"

"அத்தாவைப் பேசுற பேச்சாடா இது?"

டிவியில பையன் வாளை ஓங்குனான். டிராகன் வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சுச்சு. ஒரிஜினல்ல இந்த எடத்துல அந்தக் குரலைக் கேட்டா மயிர்க்கூச்செறியும். எனக்குத் தாங்கல.

"ஐயோ, கேளுங்க! இதுவா டிராகன்? லோன் வேணுமா சார்னு போன் பண்றவன் மாதிரி..."

"பேசாம இருடா! காதுல விழ மாட்டேங்குது!"

அத்தா கத்தி நான் கேட்டதே இல்ல.

டிராகன் செத்துச்சு. பேரெல்லாம் ஓட ஆரம்பிச்சுச்சு. எனக்கு இன்னும் ஆறல.

"அறுபது வாரம் ஒரிஜினலைப் பார்த்தவருக்கு இதை எப்படித்தா பார்க்க முடியுது? கீழே ஓடுற ஒவ்வொரு வரியையும் படிச்சீங்கள்ல?"

அத்தா ரிமோட்டைக் கீழ வெச்சாரு.

"படிக்கலடா."

"என்னது?"

"மேனேஜர்கிட்ட, கூட வேலை பார்க்கிற ஃபிலிப்பைன்காரன்கிட்ட பேசிப் பேசிக் கத்துக்கிட்ட இங்கிலீஷ்டா என்னுது. காதுல விழுந்தா புரியும். நான் எழுத்துக்கூட்டி ஒரு வார்த்தை படிக்கிறதுக்குள்ள அது ஓடிப்போயிடும். அஞ்சாவதோட நின்னவன்தானே நானு."

"அப்ப அந்த அறுபது எபிசோடும்?"

"படம் பார்த்தேன்."

"ஒண்ணும் புரியாமயா? எதுக்குத்தா?"

"வெள்ளிக்கிழமைன்னா நீ என்கிட்ட ஒரு மணி நேரம் பேசுவ. மத்த நாள்ல 'நல்லாருக்கேன்த்தா, அம்மாகிட்ட குடுக்கிறேன்'னு போனைக் குடுத்துட்டுப் போயிடுவ."

அத்தா டிவியவே பார்த்துக்கிட்டு இருந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"ஏன்டா ஃபாஜிலு, அந்த டிராகன் எட்டத்துலயே பறந்தது, கிட்ட வந்தா தன் நெருப்பு புள்ளையைச் சுட்டுடும்னு பயந்துதானாமே? அது அந்தப் பையனோட அத்தாவாம்டா! அது தெரியாம வாரா வாரம் உன்கிட்டயே, எப்ப சாவான், எப்ப சாவான்னு கேட்டுக்கிட்டு இருந்தேனேடா!"