நடைக்கு எத்தனை பேர்

“போலீஸ்காரர் ஸ்ட்ரோல் பண்ணித் திருடனைப் பிடிச்சார். சரியா டீச்சர்?”

நீண்ட லீவில் இருந்த இங்கிலீஷ் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். எதிரே இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று கணவன்தான் இந்த மாணவரைப் பிடித்து வந்திருந்தான்.

“ஸ்ட்ரோல்னா காத்து வாங்கிக்கிட்டு ஆற அமர நடக்கிறது சார். அப்படிப் போனா திருடன் வீட்டுக்குப் போய்த் தூங்கியே எழுந்திருப்பான்.”

“வாக்னு ஒரு வார்த்தை இருக்கே, அப்புறம் எதுக்கு இத்தனை?”

“தமிழ்ல மட்டும் என்னவாம்? நொண்டினா லிம்ப். தள்ளாடினா ஸ்டேகர். காலைத் தேய்ச்சுக்கிட்டுப் போனா ஷஃபில். எல்லாம் நடைதான், ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல.”

“தலை சுத்துது டீச்சர். இன்னைக்கு இது வரலைன்னா என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க.”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் மேசை மேல் இரண்டு விரலை மெல்ல நடக்கவிட்டுக் காட்டினாள்.

“விரல்ல பிடிபடலையே.” எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நடந்தார். “இதுதானே ஸ்ட்ரோல்?”

“சொத்துத் தகராறுக்குப் போற மாதிரி இருக்கு. அது மார்ச்.”

காலை இழுத்து இழுத்து நடந்தார். “இது?”

“லிம்ப்.”

“ஸ்ட்ரோல் நமக்கு வராது. விட்டுடுவோம் டீச்சர்.”

அவளுக்குப் பொறுக்கவில்லை. எந்த வகுப்பிலும் ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டவள் இல்லை அவள். நடித்துக் காட்டியாவது மண்டையில் ஏற்றிவிடுவாள்.

“தள்ளுங்க சார். இங்க பாருங்க.”

மேசையைப் பிடித்து எழுந்தாள். “இது ஷஃபில்.” காலைத் தேய்த்தாள். “இது லிம்ப்.” மேசை முடிந்தது, சுவரைப் பிடித்தாள். பிறகு அதையும் விட்டாள். “தோளை இறுக்காம, அவசரப்படாம... இதுதான் ஸ்ட்ரோல்.”

சமையலறை வாசலில் கணவன் கரண்டியும் கையுமாக நின்றிருந்தான். அழுதுகொண்டிருந்தான்.

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் அவளுடைய சக்கர நாற்காலி காலியாக இருந்தது. விபத்தில் முறிந்த எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், பயத்தில் அவள் விட்டு எழுந்திருக்க மறுத்த நாற்காலி.

“சார்... நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“நீங்க வாசலோட விரட்டின பிசியோதெரபிஸ்ட்டுக்கு அடுத்து வந்த பிசியோதெரபிஸ்ட்,” என்றார் மாணவர், பிழையே இல்லாத இங்கிலீஷில்.