கீச்சானுக்கு உப்பு

மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவதைப் பார்த்ததும் கிதர் முகம்மது இன்னொரு பிடி உப்பை அள்ளினார்.

விரல் நீளக் கீச்சான் மீன். உடம்பில் மூன்று கறுப்புக் கோடுகள். மிட்டாய்க் கடையில் வாங்கிய பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அதற்கு இன்று ஆறாம் நாள்.

நயா பைசா வந்த வருஷத்துச் சித்திரை. குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற திண்டுக்கல்லில் கடல் மீன் வளர்க்கக் கிளம்பியவர் அநேகமாக இவர் ஒருவராகத்தான் இருப்பார். தோல் மண்டியில் அவரோடு வேலை பார்ப்பவர்கள் சிரியோ சிரி என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் மனைவி சர்புன்னிசா வாய் திறந்து ஒரு சொல் பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

பத்து மாதப் பிள்ளை வாந்திபேதியில் மவுத்தானதிலிருந்து இப்படி. சமைப்பாள், துவைப்பாள், தொழுவாள். பேச மட்டும் மாட்டாள்.

அவள் பிறந்த ஊர் கடலோரத்து வாலிநோக்கம். கடலைக் கொஞ்சம் கண்ணில் காட்டினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். கூட்டிப் போனால் அங்கேயே இருந்துவிடுவாளோ என்று இவருக்குப் பயம். அதனால் கடலை இங்கே கொண்டுவந்துவிட்டார் மனிதர்.

தகர டின்னில் மீனோடு கொண்டுவந்த கடல் தண்ணீர் ரயிலில் பாதி ஒழுகிவிட்டது. குறைந்ததற்குக் கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் கரைத்தார். அளவு பார்க்க அவருக்கு நாக்கே போதும். பதினெட்டு வருஷமாகப் பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிற ஆள். கடல் தண்ணீரில் விரலைத் தொட்டு ஒரு நக்கு, கரைத்ததில் ஒரு நக்கு. இரண்டும் ஒன்றாகிற வரை கரைத்தார். அதில் குறையே சொல்ல முடியாது.

முதல் இரண்டு நாள் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. சர்புன்னிசா ஜாடிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் கோளாறு.

வெயிலுக்குத் தண்ணீர் நாளுக்கு இரண்டு விரற்கடை இறங்கியது. இறங்கியதை அவர் உப்புத் தண்ணீராலேயே நிரப்பினார். மேலுக்கு ஒரு பிடி உப்பும் தூவினார். தோல் உப்பைக் குடிக்கும். இன்று போட்டதை நாளை காணோம். மறுபடி போடாவிட்டால் அழுகிவிடும். மண்டியில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மீனும் தோல் உள்ள ஜீவன்தானே?

மீன் சோர்ந்தது. மண்டி ஆட்களைக் கேட்டார். உப்புக்கடை மலைச்சாமியைக் கேட்டார். உப்புப் பத்தவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். பிள்ளை படுத்திருந்தபோதும் அப்படித்தான். தெருவில் ஒருவரை விடாமல் கேட்டு, சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தார்.

இப்போது ஜாடியின் கழுத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இது செத்தால் அவள் எழுந்து போய்விடுவாள், இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று பயந்தார். உப்பை ஜாடிக்கு மேலே கொண்டுபோனார்.

சர்புன்னிசா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தண்ணிதாங்க வத்தும். உப்பு எங்கயும் போகாது, அங்கனயேதான் கெடக்கும். அதுக்கு வேண்டியது நல்ல தண்ணி.”

நான்கு மாதம் கழித்துக் கேட்கிற குரல். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் உப்பளத்துக்காரர் மகள் என்பதே அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து அவளே ஜாடியில் ஊற்றினாள். கீச்சான் ஒரு தரம் வாலை அசைத்தது. பிறகு மல்லாந்துவிட்டது.

இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார்.

சர்புன்னிசா மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள நாக்கு ஒலந்து கெடந்தப்ப, ஒரு வாய் தண்ணி குடுக்கேன்னு சொன்னேன். பேதிக்குத் தண்ணி ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாகன்னு, இந்தச் செம்பத்தான் பிடுங்கி வச்சீக.”

கையில் இருந்த உப்பை எங்கே போடுவதென்று தெரியாமல் கிதர் முகம்மது நின்றார்.