போன தடவை விழுந்த குதிரை

மூன்று பந்தயம் எழுதி முடித்துவிட்டான். இன்னும் மூன்று.

மடியில் மடிக்கணினி. முதுகுக்குப் பின்னால் மருத்துவமனைச் சுவர். எதிரே கட்டிலில் அப்பா, ஆக்ஸிஜன் முகமூடியோடு.

பகல் மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்குள் அனுப்பியாக வேண்டும். லண்டன்காரர்கள் தூங்கி எழுந்து தேநீரோடு படிப்பார்கள்.

இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர். ஈர மண். குதிரைகள் வேலி தாண்டித் தாண்டி ஓடும். அதில் எது ஜெயிக்கும் என்று வியாசர்பாடியில் உட்கார்ந்துகொண்டு இவன் சொல்ல வேண்டும். நாலு வருடமாகச் சொல்கிறான். ஒரு குதிரை வேலி தாண்டி இவன் நேரில் பார்த்ததில்லை. கிண்டியில் வெறும் ஓட்டம்தான். அதையும் பார்த்ததில்லை. பிழைப்பு அப்படி.

எல்லாம் ஒரு வரியில் இருக்கும். குதிரையின் பெயருக்கு முன்னால், அது கடைசியாக ஓடிய ஆறு பந்தயம். ஒன்று என்றால் முதலில் வந்தது. பி என்றால் முடியாமல் பாதியில் நின்றது. எஃப் என்றால் விழுந்தது.

கடைசியில் எஃப் இருக்கும் குதிரையை அவன் தொடவே மாட்டான். விழுந்தது மறுபடி வேலியைப் பார்த்தால் பயப்படும். அது அவன் கணக்கு.

அப்பா கணக்கு வேறு. முப்பது வருடம் பஸ் கண்டக்டர். தினமும் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இவனிடம் குதிரைகளை வாசிக்கச் சொல்வார். பணம் கட்டுவதெல்லாம் இல்லை, சும்மா ஒரு விளையாட்டு. போன தடவை விழுந்தது எதுவோ அதைத்தான் எடுப்பார். விழுந்ததுக்கு ரோஷம் இருக்காதா என்பார். பெரும்பாலும் தோற்பார். எப்போதாவது ஜெயித்துவிட்டால் போச்சு, தெருவுக்கே சொல்லி முடிப்பார்.

கைபேசி துடித்தது.

எத்திராஜ். தம்பி. தோஹாவில் வேலை. நேற்று போட்ட செய்தியையே மறுபடி போட்டிருந்தான்.

'அண்ணா, நீயே சொல்லு. இப்ப வரவா, அப்புறம் வரவா? ஒரு தடவைதான் லீவு விடுவாங்க.'

நேற்றிலிருந்து பதில் போடவில்லை. என்னவென்று போடுவது? இப்போது வரச் சொல்லி, அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டால், கடைசிக்குத் தம்பி இருக்க மாட்டான். அப்புறம் வா என்று சொல்லி, நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால், பெற்ற அப்பாவை உயிரோடு பார்க்கவிடாத பாவி இவன்.

காலையில் டாக்டரைக் கேட்டான். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பார்க்கலாமாம். அப்படி ஒரு வரி இவன் எழுதினால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். கோபம் கோபமாக வந்தது.

நாலாவது பந்தயம். எட்டுக் குதிரைகள்.

டக், டக் என்று சத்தம். அப்பா விரலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். கண் மடிக்கணினி மேல் இருந்தது.

வாசிக்கச் சொல்கிறார்.

மூன்று நாளாகக் கேட்கவே இல்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உரக்கவே வாசித்தான். வின்டர் கேட். ஓல்டு பாரிஷ். காப்பர் லேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஆறாவது, டாம்சன் ஹில். கடைசி எழுத்து எஃப். அதற்கு முந்தியதும் எஃப்.

வேண்டுமென்றே நிறுத்தினான்.

"டாம்சன் ஹில். ரெண்டு தடவை விழுந்திருக்குப்பா."

எடுப்பார் என்று காத்திருந்தான்.

அப்பா முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"பாவம்டா. அதைப் போய் ஏன் இன்னும் ஓட விடறாங்க? போதும்னு சொல்லு."

முகமூடியை அவன்தான் திரும்ப எடுத்து வைத்தான். காதுக்குப் பின்னால் பட்டையைச் சரிசெய்தான். இன்னும் இரண்டு பெயர் மிச்சம் இருந்தது. வாசிக்கவில்லை.

கைபேசியை எடுத்தான்.

'கிளம்பி வாடா. இன்னைக்கே.'

அனுப்பிவிட்டான்.

மணி பன்னிரண்டே கால்.

நாலாவதில் வின்டர் கேட்தான் வரும். அந்த வரியைப் படிக்கத் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். அவன் டாம்சன் ஹில் என்று அடித்தான். நாலு வருடத்தில் முதல் தடவை. ஆறு பந்தயத்துக்கும் சேர்த்து 'இன்றைய நிச்சயத் தேர்வு' என்று மேலே ஒரு கட்டம் இருக்கும். அதிலும் அதையே போட்டான். காரணம் எழுத மூன்று வரி இடம் உண்டு. ரோஷத்துக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்கவில்லை.

'இன்று விழாது' என்று மட்டும் எழுதினான்.

மிச்ச இரண்டு பந்தயத்தையும் ஏனோதானோவென்று முடித்து அனுப்பினான்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதைடா போட்ட?"

"டாம்சன் ஹில்."

முகமூடிக்குள் வெள்ளையாக ஆவி படர்ந்தது. சிரிக்கிறார்.

"உன் வேலை போச்சு, போ."

அவனும் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கைபேசி மறுபடி துடித்தது. எத்திராஜ் டிக்கெட் எடுத்துவிட்டானாம். நாளைக் காலை ஆறு மணிக்கு இறங்குகிறானாம். அப்பா பார்ப்பதற்குள் திரையைக் கவிழ்த்து மெத்தைமேல் வைத்தான்.

அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தான்.

"எத்தனை மணிக்கு வர்றான்?"

கண்ணைத் திறக்காமலேதான் கேட்டார்.

அவன் கவிழ்த்து வைத்த கைபேசியை நிமிர்த்தினான்.

"காலையில ஆறு மணிக்குப்பா" என்றான்.