காலியாக இறங்கிய தட்டு

தாராவியில் எங்கள் ஒற்றை அறையின் பரணில், ஃப்ளூ காய்ச்சலோடு மகள் அதீபா படுத்திருக்கிறாள். அவள் காலேஜுக்கு ஓடிவிடாமலிருக்க ஏணியடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு கயிற்று வாளியில் ஏறுகிறது. சந்தில் மாஸ்க் போட்டு நின்று, தோழி இசக்கி பரண் ஜன்னலைப் பார்த்து இன்றைய பாடத்தை உரக்க வாசிக்கிறாள். "நாளைக்கு காலேஜுக்கு வாரேன்டீ," என்கிறாள் அதீபா மேலிருந்து. "வந்துராத தாயி, கிளாஸே படுத்துரும்!" இருமலுக்கு நடுவே சிரிப்பு கேட்கிறது. தகரக்கூரையில் மழை ஓய்ந்து, வெளிச்சம் ஈரமாக உள்ளே விழுகிறது. இவள் வாப்பா இப்படியொரு காய்ச்சலோடு பட்டறைக்குப் போய் மௌத்தானவர். கடைசி நாட்களில் நான் வைத்த கஞ்சியெல்லாம் அப்படியே கிடந்தது. நேற்றுவரை இவளுடைய கஞ்சியும் தொடாமல்தான் திரும்பியது. கயிறு அசைகிறது. வாளி இறங்குகிறது. உள்ளே தோசைத் தட்டு, கழுவியதுபோல் காலியாக. "உம்மா, இன்னும் ரெண்டு இருக்கா?" ராத்திரிக்கு வைத்திருந்த மாவையும் எடுத்துக் கல்லில் ஊற்றுகிறேன்.